இறந்த கணவரின் உறைய வைத்த விந்தணுவில் குழந்தை: அக்காவை மாமியார் வீட்டில் கேட்கிறார்கள், என்ன செய்வது?

செங்காங் தங்கை:
வணக்கம். குடும்ப விஷயம் என்பதால் பெயர் எதுவும் சொல்லவில்லை. அக்காவின் கணவர் போன வருடம் லிம்போமா என்ற புற்றுநோயில் இறந்துவிட்டார். கீமோ தொடங்கும் முன் டாக்டர் சொல்லி விந்தணுவை எடுத்து உறைய வைத்திருந்தார்கள். குணமாகி வந்தபின் உதவும் என்பதைத் தவிர அன்றைக்கு யாரும் அதைப் பற்றி வேறெதுவும் யோசிக்கவில்லை. இப்போது அதைத் தொடர்ந்து பாதுகாக்க வருடக் கட்டணம் கட்டச் சொல்லி மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அது அக்காவின் மாமியார் கையில் கிடைத்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அத்தான் ஒரே பையன். "என் பிள்ளையின் வாரிசு அங்கே இருக்கு, நீ மனசு வச்சா போதும்" என்று காலையும் மாலையும் சொல்கிறார்கள்.

அக்காவுக்கு 33 வயது. அவர்களோடு ஒரே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில்தான் இருக்கிறாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் போயிருந்தபோது மாமியார் இந்தப் பேச்சை எடுத்தார், இவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

இது நியாயமா, சிங்கப்பூரில் சட்டம் இடம் கொடுக்குமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தான் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டார், அதில் என்ன இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை.

காலாங்காரன்:
முதலில் உங்கள் அக்காவுக்கு என் அனுதாபங்கள்.

நான் இதில் தப்பு எதையும் பார்க்கவில்லை. கணவனும் மனைவியும் பிள்ளை பெற ஆசைப்பட்டார்கள், சாவு குறுக்கே வந்துவிட்டது, அவ்வளவுதான். பிரிட்டனில் டயான் பிளட் என்ற பெண்ணின் வழக்கைத் தேடிப் படியுங்கள். 1995ல் அவர் கணவர் மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது விந்தணுவை எடுத்து வைத்தார்கள். கணவர் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொல்லி அந்த நாட்டு ஆணையம் அனுமதி மறுத்தது. அவர் விடாமல் போராடி, 1997ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை பெல்ஜியத்துக்குக் கொண்டுபோய் சிகிச்சை எடுக்க வழிவிட்டது. 1998ல் ஒரு பையன், 2002ல் இன்னொரு பையன். பிறகு 2003ல் சட்டத்தையே திருத்தி அப்பா பெயரைப் பிறப்புப் பதிவில் போட வைத்தார்கள். ஒரு பெண் மனதார விரும்பினால் அதைத் தடுக்க நாம் யார்?

இரவுப்பணி:
நான் தாதி, புற்றுநோய்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். நியாயம் பேசும் முன் மருத்துவம் பற்றி இரண்டு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் வீடுகளில் இதை "ஒரு ஊசி போட்டால் முடிந்தது" என்கிற மாதிரி பேசுகிறார்கள்.

உறைய வைத்த விந்தணு திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது. அதற்கு அவசரமே கிடையாது, இருபது வருடம் கழித்து எடுத்துக்கூடக் குழந்தை பிறந்திருக்கிறது. வயது ஏறுவது பெண்ணின் கருமுட்டைக்குத்தான். அக்கா சம்மதித்தால் ஏறக்குறைய இரண்டு வாரம் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட வேண்டும், மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பார்கள், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவைச் செலுத்துவார்கள், கரு உருவானால் கருப்பைக்குள் வைப்பார்கள். முதல் தடவையே நிற்கும் என்று எந்த டாக்டரும் உறுதி சொல்ல மாட்டார். நிற்காமல் போனால் அந்த வீட்டில் அவளை என்ன சொல்வார்கள் என்பதையும் யோசியுங்கள். கணவனை இழந்து ஒரு வருடம்கூடச் சரியாக ஆகாத பெண் இதையெல்லாம் தனியாகத் தாங்க வேண்டும்.

ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவர்களின் சங்கம் இதற்காகவே, இறந்தவர் எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும், துணை இறந்து குறைந்தது ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும், நல்ல ஆலோசனையும் தர வேண்டும் என்கிறது. முதல் வருடத்துத் துக்கத்தில் எடுக்கும் முடிவு வேறு, பிறகு எடுக்கும் முடிவு வேறு என்பதை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

யீஷூன் பெரியவர்:
அம்மா, நானும் ஒரே மகனைப் பறிகொடுத்தவன். வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. உன் அக்காவின் மாமியாரை யாரும் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவி இன்றைக்கும் அவன் சட்டைகளை மாதம் ஒருமுறை துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி அலமாரியில் மாட்டுகிறாள். எங்களுக்கு அப்படி ஏதாவது ஒன்று மிச்சம் இருந்திருந்தால் நாங்களும் மருமகள் காலில் விழுந்து கேட்டிருப்போம். கொள்ளி போட வேண்டியவனுக்கு நாம் கொள்ளி போட்டபின் வேறு எதைப் பற்றிக்கொள்வது?

சீனாவில் ஒரு தம்பதி 2013ல் கார் விபத்தில் போய்விட்டார்கள், அவர்கள் உறைய வைத்திருந்த நான்கு கருவுக்காக வழக்கு நடந்து, கடைசியில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிக்கும் சேர்த்து உரிமை கிடைத்தது. லாவோஸ் நாட்டு வாடகைத்தாய் மூலம் 2017 டிசம்பரில் பேரன் பிறந்தான். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

வழக்குக்கட்டு:
நான் வழக்கறிஞர் இல்லை, சட்ட அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஐவிஎஃப், அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை, சட்டப்படி திருமணமான தம்பதிக்குத்தான், இருவர் சம்மதமும் வேண்டும். 2023 ஜூலையிலிருந்து 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலே கருமுட்டையை உறைய வைக்கலாம், ஆனால் பயன்படுத்துவது திருமணமான பிறகுதான். இந்த ஒன்றிலிருந்தே அரசாங்கத்தின் எண்ணம் தெரியும். வாடகைத்தாய்க்கும் இங்கே அனுமதி இல்லை. அதனால் மாமியார் நினைப்பதுபோல் மருத்துவமனைக்குப் போய்க் கேட்டவுடன் நடக்கிற காரியம் இல்லை இது. வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா என்பது தனிக் கேள்வி, அதை அக்கா தன் பெயரில் எழுத்துமூலம் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கட்டும்.

இந்தியாவில் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. யீஷூன் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. 2021ல் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கு ஒரு அப்பா போனார், இறந்த மகனின் விந்தணுவைத் தன்னிடம் தர வேண்டும் என்று. மகனுக்கு மனைவி இருந்தார். அப்பா என்ற உறவு மட்டும் அந்த உரிமையைத் தராது என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. 2024 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் வேறு மாதிரி தீர்ப்புச் சொன்னது. புற்றுநோயில் இறந்த மகனின் விந்தணுவைப் பெற்றோரிடம் கொடுக்கச் சொன்னது. அந்தப் பையனுக்குத் திருமணம் ஆகவில்லை. உங்கள் அக்கா இருக்கும் இடத்தை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்: மனைவி என்று ஒருவர் இருக்கும்போது அவரைத் தாண்டி யாரும் போக முடியாது.

காலாங்காரன்:
அப்படியானால் ஒன்று கேட்கிறேன். நம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லோருடைய சிறுநீரகம், கல்லீரல், இருதயம், கருவிழி வரைக்கும் இறந்தபின் எடுத்துக்கொள்கிறார்கள். வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற இதே ஊரில், பிள்ளை விஷயத்தில் மட்டும் எழுத்தில் கொண்டுவா என்றால் எப்படி?

இரவுப்பணி:
இரண்டும் ஒன்றில்லை தம்பி. சிறுநீரகம் போகிற இடத்தில் உயிருக்குப் போராடுகிற ஒருவர் ஏற்கெனவே படுத்திருக்கிறார். கொடுத்தவர் அதோடு முடிந்தார், அந்தச் சிறுநீரகம் பதினைந்து வயதில் வந்து "நீ ஏன் என்னைக் கொடுத்தாய்" என்று கேட்காது. இங்கே ஒருவரை அப்பா ஆக்குகிறோம், அவர் ஒருநாளும் தூக்கப்போகாத பிள்ளைக்கு. அதற்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையாவது வந்திருக்க வேண்டாமா?

தோ பாயோ வாசகன்:
நான் பொதுவாக எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா வயிற்றில் ஐந்து மாதம் இருந்தபோது அப்பா போய்விட்டார். என்னை இயற்கையாகத்தான் பெற்றார்கள், யாரும் முடிவெடுத்து உண்டாக்கவில்லை. இருந்தாலும் அப்பா முகம் பார்க்காமல் பிறந்த பிள்ளை எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும். அப்பா பெயரையே எனக்கு வைத்தார்கள். பாட்டி என்னைக் கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுகிறார் என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, வருகிறவர்களிடமெல்லாம் "மூக்கைப் பாருங்க, அதே மூக்கு" என்பார். அப்பா உயர்நிலைப் பள்ளியில் காற்பந்து ஆடினாராம், அதனால் நானும் ஆட வேண்டும். எனக்கு ஓவியம் வரையப் பிடிக்கும். ஒரு தீபாவளியன்று நான் வரைந்ததைக் காட்டியபோது பாட்டி, "அவன் இதெல்லாம் செய்யமாட்டானே" என்றார். பாசமாகத்தான் சொன்னார், அன்றைக்கு எனக்கு ஒன்பது வயதிருக்கும், அந்த வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது.

என் வாழ்க்கை சோகம் என்று சொல்ல வரவில்லை. நன்றாக இருக்கிறேன், பிறந்ததற்காகச் சந்தோஷப்படுகிறேன், அம்மா என்னைத் தனியாக வளர்த்ததை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளை கஷ்டப்படும், அதனால் வேண்டாம் என்று யாராவது எழுதினால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்த வீட்டில் ஒரு குழந்தை வேண்டும் என்று கேட்கிறார்களா, போன மகன் திரும்பி வேண்டும் என்று கேட்கிறார்களா? பெண் குழந்தை பிறந்தால் அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அக்காவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜாலான் புசார் தோழி:
எங்கள் இஸ்லாமிய மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பதுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்வது. கணவரின் மவுத்தோடு திருமண பந்தம் முடிகிறது, அதன்பின் அவருடைய விந்தணுவில் கருத்தரிக்கக் கூடாது. என் சொந்தத்தில் சின்ன வயதிலேயே கணவரை இழந்த ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் யாரும் இப்படிக் கேட்கவே இல்லை, கேட்க வழியும் இல்லை. இத்தா, அதாவது கணவர் இறந்தபின் மனைவி காத்திருக்கும் காலம், முடிந்து அவள் வேலைக்குப் போனாள், பிறகு மறுமணம் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்டிப்பான விதியாகத் தெரியும். அவளுக்கு அது காவலாக இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

காலாங்காரன்:
தோழி, மரியாதையோடு சொல்கிறேன், எல்லாருக்கும் கதவைப் பூட்டிவிட்டு அதைக் காவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரான்சும் பூட்டித்தான் வைத்திருக்கிறது, 2021ல் சட்டத்தைத் திருத்தியபோதுகூட இதைத் திறக்கவில்லை. அங்கே தம்பதி சேர்ந்து உருவாக்கிய கருவை வைத்திருக்கும் கைம்பெண் அதை முகம் தெரியாத வேறு தம்பதிக்குக் கொடுக்கலாம், தன் வயிற்றில் மட்டும் வைக்கக் கூடாது. இது என்ன நியாயம்? செங்காங் தங்கையின் அக்காவுக்கு உள்ளூர ஆசை இருந்தால்? மாமியார் கேட்கிறார் என்பதற்காகவே அவள் ஆசையும் அழுத்தம் ஆகிவிடுமா?

செங்காங் தங்கை:
எல்லாருக்கும் நன்றி. தோ பாயோ அண்ணன் எழுதியதை அக்காவுக்கு அனுப்பினேன், படித்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

படிவம் கிடைத்துவிட்டது. சிகிச்சைக் கோப்பிலேயே இருந்திருக்கிறது. "நான் இறந்துவிட்டால்" என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதில் அத்தான் "அழித்துவிடவும்" என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அக்கா அதை மாமியாரிடம் காட்டினாள். "நாளைக்குக் கீமோ என்று பயந்துபோய் இருந்த பிள்ளை, எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பான், இதெல்லாம் ஒரு பேச்சா" என்று அழுதிருக்கிறார்கள். மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து கீழே போய்விட்டாராம்.

இரவுப்பணி:
அந்த அம்மா சொல்வதில் பாதி உண்மை. கையெழுத்து வாங்கும் நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அதே மேசையில் படிவத்தை வைப்போம், வலது கையில் ஊசி ஏறியிருக்கும், இடது கையால் கோணலாகப் போடுவார்கள். பலர் படிப்பதே இல்லை. ஆனால் இந்த ஒரு கேள்வியில் மட்டும் நிறையப் பேர் நிற்பார்கள், பேனாவை வைத்துவிட்டு மனைவியைப் பார்ப்பார்கள். சிலர் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் சொல்வார்கள்: "அவள் வேறு வாழ்க்கை பார்த்துக்கொள்ளட்டும், என்னால் கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடக் கூடாது." உங்கள் அத்தான் அப்படி நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. யோசிக்காமல் போட்டது என்று யாரும் அடித்துச் சொல்லவும் முடியாது.

புக்கிட் பாத்தோக் ஆசிரியை:
இழை முழுவதையும் படித்தேன். நல்ல விஷயங்கள் நிறைய வந்திருக்கின்றன, ஆனாலும் எல்லாரும் இறந்தவரின் சம்மதத்தைச் சுற்றியே நிற்கிறோம். அது வேண்டும்தான். அத்தானின் டிக் போதும், அதற்கு மேல் எந்த மருத்துவமனையும் போகாது, போகவும் கூடாது என்பது என் கருத்து. என் கவலை உயிரோடு இருக்கிறவளின் சம்மதம் பற்றி.

மகாபாரதத்தில் விசித்திரவீரியன் பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறான். அவன் அம்மா சத்யவதிக்கு வம்சம் நிற்கக் கூடாது. வியாசரை அழைக்கிறாள், மூத்த மருமகள் அம்பிகையிடம் போகச் சொல்கிறாள், இளையவள் அம்பாலிகையிடமும் போகச் சொல்கிறாள். அம்பிகை பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், திருதராஷ்டிரன் பார்வையில்லாமல் பிறக்கிறான். அம்பாலிகை வெளிறிப்போகிறாள், பாண்டு வெளிறிப் பிறக்கிறான். மறுபடியும் போ என்று சொன்னபோது அம்பிகை தனக்குப் பதிலாகப் பணிப்பெண்ணை அனுப்பிவிடுகிறாள். சின்ன வயதில் இதைக் கேட்டபோது ஏதோ சாபக் கதை என்று நினைத்தேன். இப்போது படித்தால் மாமியாரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லாத இரண்டு பெண்கள்தான் தெரிகிறார்கள். வாயால் சொல்ல முடியாததை ஒருத்தி கண்ணால் சொன்னாள், இன்னொருத்தி உடம்பால் சொன்னாள். அரண்மனையில் யாரும் அதைச் சம்மதம் இல்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

நம் வீடுகளில் கணவனை இழந்த மருமகள் எங்கே இருக்கிறாள் என்று யோசியுங்கள். வீடு மாமனார் பெயரில். இவள் தனியாக வீவக வீடு வாங்கலாம் என்றால் பொதுவாக 35 வயது ஆக வேண்டும் என்பார்கள், கைம்பெண்ணுக்கு விதி வேறு, அது பலருக்குத் தெரிவதில்லை, போய் விசாரிக்கச் சொல்லுங்கள். ஊரில் போய் இரு என்றால் வேலை இங்கே. அப்படி இருக்கும்போது "உன் இஷ்டம்தான் அம்மா" என்று கேட்டால் அவள் எந்த இஷ்டத்தைச் சொல்வாள்? காலாங்காரன் கேட்டது நல்ல கேள்வி, அவளுக்கே ஆசை இருந்தால் என்ன. இருக்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை, அத்தான் எழுதி வைத்திருந்தால் நானே அவளுக்குத் துணையாக நின்றிருப்பேன். டயான் பிளட் தானே கேட்டார், தானே வழக்காடினார். இங்கே கேட்பது மாமியார், ஊசி குத்திக்கொள்ளப்போவது மருமகள். அவளுக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரிய வேண்டுமென்றால் முதலில் அந்த மேசையை விட்டு எழுந்து வேறு எங்காவது கொஞ்ச நாள் இருக்க வேண்டும். தங்கை, உங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறதா?

வழக்குக்கட்டு:
சொத்து பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்போதே கருவாகி அவர் இறந்தபின் பிறந்த பிள்ளைக்குப் பங்கு உண்டு, தோ பாயோ வாசகன் மாதிரி. இறந்தபின் கருவான பிள்ளைக்கு அந்த வாசகம் பொருந்தாது. ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2006ல் அப்படிப் பிறந்த பிள்ளையை இறந்தவரின் சட்டப்படியான பிள்ளையாக ஏற்க மறுத்தது. அமெரிக்காவில் அப்பா இறந்து 18 மாதம் கழித்துப் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு அரசு உதவித்தொகை தானாகக் கிடைத்துவிடாது, அந்தந்த மாநில வாரிசுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று 2012ல் தீர்ப்பு வந்தது. வாரிசு வேண்டும் என்று கேட்கிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம், கட்டணக் கடிதம் யார் பெயருக்கு வந்திருக்கிறது? அக்கா பெயரென்றால் பதிலும் அவர்தான் எழுத வேண்டும். மாமியார் கட்டணத்தைக் கட்டினாலும் அதனால் அவருக்கு எந்த உரிமையும் வந்துவிடாது.

யீஷூன் பெரியவர்:
டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நம்ம மருமக இப்ப எங்க இருக்கா, போன் பண்ணியா" என்று கேட்டாள். மகன் போனபின் அந்தப் பெண் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், நாங்களும் கூப்பிடவில்லை. நாளைக்குக் கூப்பிடுகிறோம்.

எனக்கு ஆசை போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பையன் தன் கையால் எழுதி வைத்ததைப் பெற்றவர்கள் மாற்றக் கூடாது. உன் அக்காவின் மாமனாரிடம் கேட்டுப் பார், அம்மா. அவருக்குச் சரியென்றால் நான் வந்து பேசுகிறேன். பிள்ளையை இழந்த நாலைந்து பேர் ஞாயிறு காலையில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் உட்காருவோம். இந்த விஷயத்தைப் பேச வேண்டியதில்லை, வந்து ஒரு கோப்பி குடித்தால் போதும்.

இரவுப்பணி:
தங்கை, மருத்துவமனையில் மருத்துவ சமூக ஊழியர் இருப்பார். அக்கா பெயரில் நேரம் வாங்குங்கள். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் பேசும்போது அவள் தனியாக உள்ளே போகட்டும். படிவத்தின் நகலை எடுத்துச் செல்லுங்கள். அழிப்பதற்கும் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம், அவகாசம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

செங்காங் தங்கை:
கடிதம் அக்கா பெயரில்தான் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கிடைத்தது, நானும் போகிறேன். என் பிள்ளைகளின் அறையை ஒழித்துவிட்டேன், வெள்ளிக்கிழமை வந்துவிடுவாள், எத்தனை நாள் என்று நாங்கள் பேசவில்லை. மாமியாரிடம் அவளே சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

பெரியவர் ஐயா, மாமாவிடம் கேட்டேன். எந்தக் காப்பிக்கடை, எத்தனை மணி என்று மட்டும் கேட்டார். எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள்.